அப்பா பிரிக்கும் மூன்று குவியல்

எங்கள் தோப்பு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர் பக்கம். ஒட்டு மாங்கன்று வாங்க வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற ஊர் அது. தோப்பில் முக்கால்வாசி பெங்களூரா. கிளிமூக்கு என்றும் சொல்வோம். ஊடே கொஞ்சம் செந்தூரா, நீலம். கிணற்றோரம் வீட்டுக்கென்று ஒரே ஒரு மல்கோவா. ஜூன் பிறந்தால் காய்ப் பறிப்பு. வலை கட்டிய துறட்டியால் பறித்து, காம்பை ஒடித்து, பால் வடியக் கவிழ்த்து வைத்து, கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார் அப்பா.

அவர் முன்னால் மூன்று குவியல் இருக்கும். வலது கைப்பக்கம் முற்றல். இடது கைப்பக்கம் பிஞ்சு. எதிரே இருக்கும் மூன்றாவது குவியலுக்குப் பெயர் கிடையாது. இன்னும் முடிவாகாத காய் அது.

சின்ன வயதில் மணிக்கணக்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காயை எடுத்ததும் காம்படியைப் பார்ப்பார். தோள் இரண்டும் காம்புக்கு மேலே உப்பி எழுந்திருந்தால் முற்றல். மறுபேச்சில்லை, அடுத்த காய். தோள் சரிந்திருந்தால் பிஞ்சு. பத்தில் ஏழெட்டு காய்க்கு அந்த ஒரு பார்வையே போதும். சந்தேகம் வந்தால்தான் கையில் எடை போட்டுப் பார்ப்பார். அதிலும் தீராவிட்டால் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் போடுவார். மாவு ஏறிய காய் தண்ணீரைவிடக் கனம், முங்கிவிடும். பிஞ்சு மிதக்கும். முங்கவும் முங்காமல் மிதக்கவும் மிதக்காமல் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும் காயும் உண்டு. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கத்தியால் அறுத்துச் சதையின் நிறத்தைப் பார்ப்பார். எல்லாக் காய்க்கும் எல்லாச் சோதனையும் அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஒன்பது வருடமாகப் பெங்களூரில் அகச்சிவப்புக் கேமராக்களோடு வேலை செய்கிறேன். அந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஒன்றை முதன்முதலில் படித்த இரவில், எனக்கு நினைவு வந்தது இந்தச் சாக்கும் தொட்டியும்தான். எல்லாவற்றையும் அளக்காமல், கிடைத்த விடையைப் பார்த்து அடுத்து எதை அளப்பது என்று முடிவு செய்யும் கருவி: அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அதற்கு முன் ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் பறிப்பு நேரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். மேஸ்திரியே ஆள் வைத்துப் பிரித்து, ஒரு லோடு காயை மாங்கூழ் ஆலைக்கு அனுப்பினார். எடைமேடை தாண்டியதும் ஆலை ஆட்கள் லோடின் மேலிருந்து சில காயை எடுத்து அறுத்தார்கள். "பாதி முத்தல, வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். லோடில் நல்ல காயும் நிறைய இருந்தது என்று எங்களுக்குத் தெரியும்; நிரூபிக்க வழியில்லை. வண்டி திரும்பி வந்து, வெயிலில் ஒரு பகல் நின்று, கடைசியில் ஊறுகாய்க்கு வந்த விலைக்குப் போனது. அப்பா கட்டிலில் படுத்தபடியே, "அறுத்தது எத்தன காய்? அந்த நாலு காய வெச்சா மொத்த வண்டியையும் சொல்லிட்டாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பெங்களூராவில் வெளித்தோல் நம்மை ஏமாற்றும். முற்றினாலும் பச்சையாகவே இருக்கும். கார்பைடு கல் வைத்தால் முற்றாமலே மஞ்சளாகும். கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதனால்தான் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த 2016இல் அனுமதி கொடுத்தார்கள். அதுவும் முற்றிய காயைத்தான் பழமாக்கும். பிஞ்சில் மாவு இல்லை. மாவு இல்லாவிட்டால் சர்க்கரையாக மாற எதுவும் இல்லை. ஆகவே ஆலைக்காரர் தேடுவதும் அப்பா தேடுவதும் ஒன்றேதான்: சதையில் தண்ணீர் போக மீதி எவ்வளவு. உலர்பொருள் அளவு என்று அதைச் சொல்வோம்.

அது கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்புக்குத் தெரியும். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. அந்த இருட்டுப் பகுதியில்தான் பொருள்களின் கையெழுத்து இருக்கிறது. தண்ணீர் 970, 1200, 1450 நானோமீட்டர் அலைநீளங்களின் அருகே ஒளியை விழுங்கும். சர்க்கரையும் மாவும் 910 அருகிலும் 1200ஐ ஒட்டியும் தங்கள் தடத்தை விடும். 2009இல் நிலவின் மண்ணில் நீரின் அடையாளத்தைச் சந்திரயான்-1 கண்டதும் இப்படித்தான். அதிலிருந்த நாசாவின் கருவி, 3 மைக்ரான், அதாவது 3000 நானோமீட்டர் அருகே ஒளி குறைவதைப் பார்த்தது. நிலவில் பார்த்ததை மாங்காயில் பார்க்கவும் முடியும். பார்த்தும் வருகிறார்கள்: ஆஸ்திரேலியாவில் மத்திய குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கெர்ரி வால்ஷ் பல வருடமாக உழைத்ததன் பயனாக, அங்கே மா விவசாயிகள் கையடக்கக் கருவியை மரத்திலிருக்கும் காயின் மேலேயே வைத்து உலர்பொருளைப் படித்துப் பறிப்பு நாளை முடிவு செய்கிறார்கள்.

அந்தக் கருவி ஒரு காயில் ஒரு இடத்தைத்தான் தொடும். மாங்காய் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல முற்றுவதில்லை. ஓடுகிற பெல்ட்டில் போகும் ஒவ்வொரு காயையும் படமாகவே பார்க்க வேண்டும் என்றால், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறமாலை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற கணக்கு, வேண்டும். இங்கேதான் செலவு வந்து நிற்கிறது. செல்போன் கேமராவில் இருக்கும் சிலிக்கான் 1100 நானோமீட்டரோடு குருடாகிவிடும். அதற்கு மேல் பார்க்க இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற பொருளால் செய்த, ஒளியை அளக்கும் உணரி வேண்டும். 1700 வரை பார்க்கும். விலையோ பல மடங்கு. பிறகு எண்ணிக்கையைப் பாருங்கள். 320க்கு 256 புள்ளிகள், புள்ளிக்கு 200 அலைநீளம் என்றால் ஒரு காய்க்கு 1.6 கோடிக்கு மேல் எண்கள். அவ்வளவையும் அளந்து, சேமித்து, கணக்குப் போட்டு, கடைசியில் நமக்கு வேண்டியது ஒரே சொல்: முற்றலா, பிஞ்சா?

இந்த வீண்செலவு எனக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தியது. அப்பாவின் கண் அப்படி வேலை செய்வதில்லையே.

தீர்வின் ஒரு பாதி சினிமா தியேட்டரில் இருக்கிறது. 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் ஒரு சில்லு செய்தார். இன்று அந்த வகைச் சில்லின் மேல் லட்சக்கணக்கில் நுண்கண்ணாடிகள். பரவலாகப் புழங்கும் ஒரு சில்லில் 1024க்கு 768, அதாவது ஏழே முக்கால் லட்சத்துக்கும் மேல். அதில் ஒவ்வொன்றும் 14 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான அகலம். தலைமுடியின் தடிமனில் வரிசையாக ஐந்து கண்ணாடி வைக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக இந்தப் பக்கம் 12 பாகை, அந்தப் பக்கம் 12 பாகை சாயும். நாம் திரையில் பார்க்கும் படம், பல டிஜிட்டல் ப்ரொஜெக்டர்களில் இந்தக் கண்ணாடிகள் சாய்ந்து சாய்ந்து எழுதுவதுதான். ப்ரொஜெக்டருக்காக ஏராளமாகச் செய்வதால் விலையும் கைக்கெட்டும்.

இப்போது அதைத் திருப்பிப் போடுங்கள். காயிலிருந்து வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்து அந்தக் கண்ணாடித் தரையில் விரிக்கிறோம். ஒவ்வொரு நெடுவரிசைக் கண்ணாடியிலும் ஒரு அலைநீளம் விழும். எந்த நெடுவரிசையைச் சாய்க்கிறோமோ அந்த அலைநீளம் மட்டும் உணரிக்குப் போகும், மற்றது விலகிவிடும். எந்த அலைநீளம் எவ்வளவு வேண்டும் என்பதை நிரலில் எழுதலாம், நொடியில் ஆயிரக்கணக்கான தடவை மாற்றலாம். விலகும் ஒளிக்கும் ஒரு உணரி வைத்துவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே அளவையில் கிடைக்கும். நிறமாலையை மறுபடி ஒன்றுசேர்த்துக் கேமராவில் படமாக்கினால், முழுக்காட்சியையும் நாம் எழுதிய வடிகட்டி வழியாகப் பார்க்கலாம். வேறொரு வழியும் உண்டு: காட்சியையே கண்ணாடிகள் மேல் விழவைத்து, ஒரே ஒரு உணரிப் புள்ளியால் படம் எடுப்பது. 2006இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரனியுக்கும் கெவின் கெல்லியும் தங்கள் குழுவோடு அதைச் செய்து காட்டினார்கள். விலை உயர்ந்த உணரி ஒன்றே ஒன்று போதும் என்பது அகச்சிவப்புக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி மாளாது.

ஒவ்வொரு அலைநீளமாகத் திறந்து அளப்பதைவிடப் பாதியைச் சேர்த்துத் திறந்து அளப்பது நல்லது என்பது முதலில் நம்ப முடியாததாக இருந்தது. மண்டித் தராசை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. ஏழு கிரேட்டு காய் இருக்கிறது. தராசு எதை வைத்தாலும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். ஒவ்வொன்றாக ஏழு தடவை நிறுத்தால் ஒவ்வொரு எடையிலும் அந்த முழுப் பிழை ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, எந்த இரண்டு கிரேட்டும் சரியாக இரண்டு தடவை சேர்ந்து வருகிற மாதிரி மாற்றி மாற்றி, நான்கு நான்காக ஏழு தடவை நிறுங்கள். ஒரு கிரேட்டு இருந்த நான்கு எடைகளைக் கூட்டி, அது இல்லாத மூன்றைக் கழித்து, நான்கால் வகுத்தால் அதன் எடை வந்துவிடும். தராசு அதேதான், நிறுத்த தடவையும் அதே ஏழுதான். பிழை மட்டும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருக்கும். தாளில் போட்டுப் பாருங்கள். 255 அலைநீளத்தை இப்படி அளந்தால் பிழை எட்டில் ஒரு பங்காகிவிடும். சேர்த்து நிறுப்பதன் லாபத்தை 1935இல் எழுதியவர் ஃபிராங்க் யேட்ஸ். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். வயலுக்காக யோசித்தவரின் கணக்கு மறுபடி தோப்புக்கு வருவதில் எனக்குச் சந்தோஷம். இந்த லாபம் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. நல்ல வெளிச்சத்தில் சாதாரணக் கேமராவில், பிழை ஒளியோடு சேர்ந்தே வளரும். சேர்த்து அளந்து பயனில்லை. அகச்சிவப்பு உணரியில் பெரும்பிழை உணரியின் சொந்தச் சூட்டிலிருந்தும் மின்சுற்றிலிருந்தும் வருவதால் மாறாமல் நிற்கும். சேர்த்து நிறுப்பது அங்கே பலிக்கும்.

இதுவரை சொன்னதில் கருவி இன்னும் மக்குப் பிள்ளைதான். காய் எதுவானாலும் முன்பே எழுதிவைத்த கேள்விகளைத்தான் வரிசையாகக் கேட்கும். என்னைப் பிடித்துக்கொண்ட யோசனை இதற்கு அடுத்த படி. அரிசோனா பல்கலைக்கழகத்தில் மார்க் நைஃபெல்ட், முழுப் படத்தை எடுக்காமல் வேண்டிய அம்சத்தை மட்டும் நேராக அளப்பதைப் பற்றி 2003இலேயே எழுதினார். அதே பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கெம்மின் குழு 2011இல் அதை நிறமாலைக்குக் கொண்டுவந்து, விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றிக்கொள்ளும் கருவி செய்தது. தொடக்கத்தில், பொருள் என்னவாக இருக்கலாம் என்ற எல்லாச் சாத்தியத்துக்கும் சம வாய்ப்பு. எந்த அலைநீளக் கலவை இவற்றை நன்றாகப் பிரிக்குமோ அதைக் கண்ணாடிகளில் எழுதி அளக்கும். வந்த விடைக்கேற்பச் சிலவற்றின் வாய்ப்பு ஏறும், சிலவற்றுடையது இறங்கும். மிச்சம் நிற்பவற்றைப் பிரிக்க எது நல்ல கேள்வியோ அதை எழுதும். ஒன்று தெளிவாக முந்தியதும் நிறுத்திவிடும். வெளிச்சம் குறைவாக, பிழை அதிகமாக இருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். சின்ன ஒளிப்பங்கையும் சந்தேகம் இருக்கும் இடத்தில் செலவழிக்கும்.

தோள், எடை, தொட்டி, கத்தி. கெம் குழுவின் கட்டுரையில் வந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் வாசிக்க முடிந்தது.

இதே இனத்தின் இன்னொரு வடிவம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2021 டிசம்பர் 25இல் கிளம்பிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியில் சுமார் இரண்டரை லட்சம் நுண்கதவுகள். எந்த விண்மீன் திரளைப் படிக்க வேண்டுமோ அதன் நேரே இருக்கும் கதவை மட்டும் திறப்பார்கள். ஒரே பார்வையில் நூறு பொருள்களைப் படிக்கலாம். சில கதவுகள் சிக்கிக்கொள்வதும் உண்டு; எது பழுது என்று வரைபடம் வைத்துக்கொண்டு அதைத் தவிர்த்துத் திட்டமிடுகிறார்கள்.

போன கோடையில் ஒரு மாத விடுப்பில் வந்து, கொட்டகையில் ஒரு மேசை போட்டேன். பழைய ஹாலஜன் விளக்கு இரண்டு, அகச்சிவப்புக்கென்றே மேல்மூடி மாற்றிய சின்ன நுண்கண்ணாடிச் சில்லு, ஒற்றை உணரி, மடிக்கணினி, காயைத் திருப்ப ஒரு தட்டு. ஹாலஜனைக் காரணத்தோடுதான் வைத்தேன்: எல்இடி வெள்ளை விளக்கில் இந்தப் பகுதி ஒளி ஏறக்குறைய இல்லவே இல்லை. அளந்த ஒவ்வொரு காயையும் வகுந்து, எடை பார்த்து, அடுப்பில் 65 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் காயவைத்து மறுபடி எடை பார்த்தேன். கருவிக்குப் பாடம் சொல்ல இதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. அம்மா, "இம்மாங் காய வறுத்துக் கொட்டுறியே" என்று வருத்தப்பட்டபடியே துண்டு போட்டுக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. பெரும்பாலான காய்க்கு மூன்று நான்கு கேள்வியில் முடிவு வந்தது. பிறகு ஒரு விடியற்காலை மழை. நனைந்த காய் வந்தது. கருவி தயங்காமல், அடித்துச் சொல்கிற மாதிரி, எல்லாவற்றையும் பிஞ்சு என்றது. அப்பா ஒரு காயை எடுத்து, வேட்டியில் துடைத்து, தட்டில் வைத்தார். முற்றல் என்றது. தோல் மேல் நின்ற துளிகளைச் சதைக்குள் இருக்கும் தண்ணீர் என்று எண்ணிவிட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த முறையின் உண்மையான ஆபத்து அங்கே இருந்தது. எல்லா அலைநீளத்தையும் அளந்து வைத்திருந்தால் பின்னால் உட்கார்ந்து, இங்கே ஏதோ கோணலாக இருக்கிறதே என்று கண்டுபிடித்திருக்கலாம். கேட்டுக் கேட்டுப் போகும் கருவி, தனக்குத் தெரிந்த சாத்தியங்களுக்குள்ளேயே சுற்றும். நனைந்த காய் என்று ஒன்று உண்டு என நான் அதற்குச் சொல்லவே இல்லை. சொல்லாத ஒன்றை அது தேடாது. அதனால் இரண்டு மாற்றம் செய்தேன். 1450 அருகே ஒரு கேள்வியை எப்போதும் முதலில் கேட்க வைத்தேன். அந்த ஒளி ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாமல் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், மேற்பரப்பின் ஈரத்தை மட்டும் சொல்லும். அதோடு, எந்தச் சாத்தியத்துக்கும் விடை பொருந்தாவிட்டால் முடிவு சொல்லாமல் "தெரியவில்லை" என்று நிற்க வைத்தேன். கருவிக்கும் பெயரில்லாத மூன்றாவது குவியல் ஒன்று கிடைத்தது.

இந்த வருடத்துப் பாடம் அடுத்த வருடம் அப்படியே செல்லாது. மழை, வெயில், மண் எல்லாம் சதையை மாற்றும், ஒவ்வொரு பறிப்பிலும் புதிதாகக் காய் அறுத்துத் திருத்த வேண்டும். பெங்களூராவில் கற்றதை நீலத்திடம் கேட்கக் கூடாது. இன்னும் நீண்ட அலைநீளத்துக்கு, 10 மைக்ரான் பக்கம் போனால், கண்ணாடியின் அகலமும் ஒளியின் அலைநீளமும் நெருங்கிவிடுவதால் ஒளி சிதறிக் குழம்பும். கண்ணாடியின் சொந்தச் சூடே ஒளியாகக் கலக்கும்.

அப்பா ஒரு நாள் கேட்டார். "கொட்டையில வண்டு கீதான்னு பாக்குமா, பாப்பா?"

கொட்டை வண்டு பிஞ்சின் மேல் முட்டையிடும். புழு துளைத்து உள்ளே போய்க் கொட்டைக்குள் வளரும். மேலே காயம் ஆறித் தடமே தெரியாது. ஏற்றுமதிக்கு அது பெரிய தலைவலி. 2007இல் அமெரிக்கா இந்திய மாம்பழத்தை மறுபடி அனுமதித்தபோது, குறைந்தது 400 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை வந்ததில் இந்த வண்டுக்கும் பங்குண்டு.

"பாக்காதுப்பா. ஒளி சதைக்குள்ள கொஞ்ச தூரந்தான் போவும். கொட்ட வரைக்கும் போயிட்டுத் திரும்பி வராது."

அவர் தலையாட்டினார். முடியாததை முடியாது என்று சொன்னதில் அவருக்குக் கருவி மேல் நம்பிக்கை கூடியதாகவே எனக்குப் பட்டது. அதற்குப் பிறகுதான் தினமும் காலையில் மேசைக்கு வந்து விளக்கைத் தானே போட ஆரம்பித்தார்.

ஒரு காய்க்கு ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆனது; பெரும்பகுதி நேரம் தட்டைத் திருப்புவதில். ஒரு டிராக்டர் காய்க்கு அது கட்டுப்படியாகாது. வேகமான பெல்ட், இன்னொரு உணரி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தது. அப்பா சாக்கில் உட்கார்ந்து எப்போதும்போலப் பிரித்துக்கொண்டிருந்தார். முற்றல் வலப்பக்கம், பிஞ்சு இடப்பக்கம். தண்ணீர்த் தொட்டி காலியாகக் கிடந்தது. எதிரே இருந்த குவியலைக் கூடையில் அள்ளி என் மேசைக்கு நகர்த்தினார்.

"இத மட்டும் காட்டு. மத்தது எனக்குத் தெரியும்."

கூடையில் நாற்பது காய் இருந்தது. முதல் காயைத் துடைத்துத் தட்டில் வைத்தேன்.